சனிக்கிழமை வகுப்பு

"கேட்டீங்களே சங்கதியை? கிருசாந்தி ஆமிக்காரப் பெடியளுக்குத் தமிழ் படிப்பிக்கிறாளாம்!"

இதைக் கரையெல்லாம் பரப்பினது வேறை ஆருமில்லை, நான்தான். ஒளிக்க என்ன கிடக்கு?

கிருசாந்தி பக்கத்து வீட்டு றஞ்சனியக்கான்ரை மகள். ஊர்ப் பள்ளிக்கூடத்திலை ரீச்சர். சந்தியிலை இருக்கிற ஆமிக் காம்புக்குப் புதுசா வந்த பெடியளுக்குச் சனிக்கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் வகுப்பு. கோயில் பாதரிட்டைத் திறப்பு வாங்கிப் பூட்டைத் திறந்து, பங்கு மண்டபத்தைத் தானே கூட்டித் துடைச்சுத் தொடங்கியிட்டாள்.

"சம்பளம் தருவினமோ?" எண்டு கேட்டன்.

"சும்மாதான் சுசிலாக்கா. பாவம், வீட்டை விட்டு வந்து பாஷை தெரியாமல் நிக்கிற சின்னப் பெடியள்."

சம்பளத்துக்கெண்டாலும் மனம் ஆறியிருக்கும். சும்மாவாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

என்ரை மனுசன் யாகப்பு கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தவர், சிரிச்சார். "இனி நீ வேலிக்கு மேலாலை கதைக்கிற ஊர்க்கதையெல்லாம் அவங்களுக்கும் விளங்கப்போகுது."

"சிரியுங்கோ, சிரியுங்கோ. அந்தத் தாயின்ரை வயிறு எப்பிடி எரியும் எண்டு யோசிச்சீங்களே?"

றஞ்சனியக்கான்ரை மூத்தவன் றொமேஸ். கடைசிச் சண்டைக்குள்ளை காணாமற்போகேக்கை பத்தொன்பது வயசு. செத்திட்டான் எண்டு அவன்ரை ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்க மனுசி விடமாட்டா. வருவான் எண்டு சொல்லவும் ஒருத்தருமில்லை.

அதாலை மாசாமாசம் முதல் வெள்ளிப் பூசை முடிஞ்ச கையோடை, அவன்ரை படத்தைக் கொண்டு காம்ப் வாசலுக்குப் போவா. துணைக்கு நான். காவலுக்கு நிக்கிறவன் படத்தைப் பாக்காமலே சிங்களத்திலை என்னவோ சொல்லுவான். சொல்லுறது விளங்காது, போகச்சொல்லிக் கை காட்டுறது விளங்கும். திரும்பி வருவம். வருசக்கணக்கா இதுதான் நடப்பு.

அப்பிடிப்பட்ட தாய்க்கு இப்பிடி ஒரு மகள்! வகுப்பு விசயத்தை அவவின்ரை காதிலை போட்டதும் நான்தான். அண்டைக்கு அந்த வீட்டிலை நடந்தது வேலிக்கு இஞ்சாலை நல்லாக் கேட்டுது.

"நான் உன்ரை அண்ணனைத் தேடி வாசல்லை நிக்கிறன். நீ உள்ளுக்கை நிக்கிறவனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்கிறியோடி?"

"அம்மா, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்."

"ஒண்டும் கேக்கேல்லை. இனி என்ரை பானையிலை உனக்குச் சோறில்லை."

சொன்னபடியே செய்தா. ஒரு மாசம், ஒரே வீட்டுக்குள்ளை தாயும் மகளும் கதை பேச்சில்லை. பெட்டை கடைப்பாணை வாங்கிச் சம்பலோடை திண்டிட்டுப் பள்ளிக்கூடம் போகும். மெலிஞ்சும் போச்சுது. ஆனாச் சனிக்கிழமை வகுப்பை விடேல்லை. நாலு கிழமையும் நடத்தினாள்.

"அழுத்தக்காரி," எண்டு எரியிற நெருப்பிலை நானும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தினனான்.

அதுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளி. வழமை போலை ரெண்டு பேரும் வாசலுக்குப் போனம். காவலுக்கு ஒரு புதுப் பெடியன். மீசை கூட வடிவா முளைக்கேல்லை. எங்களைக் கண்டதும் கூட்டாளியைக் காவலுக்கு விட்டிட்டு உள்ளுக்கை ஓடினான்.

"பாத்தியளே அக்கா, ஒளிக்கிறான்," எண்டன்.

ஒளிக்கேல்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேப்பமர நிழல் பாத்து வைச்சான்.

"அம்மா... இருங்கோ."

றஞ்சனியக்கா என்னைப் பாத்தா, கதிரையைப் பாத்தா, பிறகு மெல்ல இருந்தா.

பெடியன் படத்தை ரெண்டு கையாலையும் வாங்கினான். கனநேரம் பாத்தான்.

"உங்கட மகன்... பேர் என்ன அம்மா?"

"றொமேஸ்."

"றொமேஸ்," எண்டு தானும் ஒருக்காச் சொல்லிப் பாத்தான். "எனக்குத் தெரியாது அம்மா. சண்டை நேரம் எனக்கு நாலு வயது."

படத்தைத் திருப்பிக் குடுத்தான். மனுசி முந்தானையாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. அந்த வாசல்லை அவா அழுது நான் பாத்ததில்லை.

"இத்தினை வருசத்திலை, சுசிலா, ஒருத்தன் என்ரை பிள்ளையின்ரை பேரைக் கேட்டிட்டான்."

என்ரை பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமே?

"தம்பி, இவ்வளவு தமிழ் ஆர் பழக்கினது?"

"கிருசாந்தி ரீச்சர்." பெடியன் நிமிந்து நிண்டான். "இது முதல் பாடம். எல்லாரும் பாடமாக்கினது." கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிச்சான். "முதல் வெள்ளி ஒரு அம்மா வருவா. படம் கொண்டு வருவா. கதிரை குடுக்கோணும். பேர் கேக்கோணும்."

நான் நிலத்தைப் பாத்தன். வேறை எங்கை பாக்கிறது?

றஞ்சனியக்கா முகத்தைத் துடைச்சுக்கொண்டு எழும்பினா. பெடியன்ரை தலையைத் தடவிப்போட்டு என்னட்டைத் திரும்பினா.

"கெதியா நட, சுசிலா. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரமுந்திச் சோறு காய்ச்சோணும்."