நெய்யில்லாப் பலகாரம்

"ஒரு கரண்டி நெய் விட்டா என்னாடி?" என்றாள் தையல்நாயகி.

"பொண்ணு பார்க்க வர்றவரு பால், நெய் எதையும் தொடமாட்டாராம்மா. இதை வாயில வெச்சதும் சம்மதம்னு சொல்லிடணும்."

வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் குயிலாப்பாளையம் விடுதியில் சமைத்துப் பழகிய மலர்கொடி, எண்ணெயில் வதக்கிய காளானோடு கற்பூரவல்லியும் புதினாவும் ரொட்டித் துண்டுகளும் சேர்த்து, தேங்காய்ப்பால் தெளித்துச் சுட்டெடுத்தாள். உப்பளக் காற்றையும் மீறி மணம் எழுந்தது. இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டுமென்று பூமீசுவரரை நெஞ்சுருகித் தொழுதாள்.

வாசலில் கார் நின்றது.

"தட்டைத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டுக் கொல்லைப்பக்கம் போயிரு. நல்ல காரியத்துல தாலி அறுத்தவ எதிர்ல வந்தா ஆகாது" என்றாள் அம்மா.

மலர்கொடி கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"பிரமாதம்! யாருங்க செஞ்சது?" என்றது புதுக் குரல்.

அம்மா சிரித்தாள்.

"இவதாங்க. இவளை விட்டா வீட்ல வேற யாரு இருக்காங்க?"