பெட்டியிலிருந்த படம்

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! இண்டைக்கு வோஷிங் மெஷின்!"

வாசற்கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தபடி நிருஷா கூப்பிட்டாள். கணவன் பிரசாந் தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்து தானும் எட்டிப் பார்த்தான். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் மேல்மாடி மர்ஸூக், நீலக்கோடு போட்ட பெரிய பெட்டியொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். பெட்டியில் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷினின் படம் பளபளத்தது.

"மனுசன் தனிய ஏத்துறார். நாரி, இடுப்பெல்லாம் பிடிக்காதோ?"

"புதுச் சாமானெண்டால் பாரம் தெரியுமே? போன கிழமை கேக் சுடுற அவண், முந்தநாள் மைக்ரோவேவ், இண்டைக்கு இது!"

"அவையின்ரை சல்லி, அவை வாங்கினம். உமக்கென்ன?"

உமக்கென்னவா? நிருஷா அவனைத் தள்ளிவிட்டு மறுபடி துளையில் கண்ணை வைத்தாள். மர்ஸூக்கின் மனைவி பைறோஸாவிடம் ஏற்கெனவே அருமையான மெஷின் இருந்தது. நிருஷாவின் பழைய மெஷினோ சுற்றத் தொடங்கினால் பேய் பிடித்ததுபோல ஆடும். படுக்கை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு மேலே போனால், பைறோஸா முகம் சுளிக்காமல் தன் மெஷினில் போட்டுத் தருவாள். அது சுற்றி முடியும் வரை இருவரும் இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். சந்தையில் ஒரு பிடி கீரை வாங்கினாலும் வந்து சொல்கிறவள், இத்தனை சாமான் வாங்கியதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே! அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த நாள் படியில் பைறோஸாவே மறித்தாள்.

"தங்கச்சி, உங்களுக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"அடுப்பில கறி அக்கா" என்று நிருஷா கழன்றுகொண்டாள். ஊரார் பெருமையைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை பிரசாந்தை இழுத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனாள். விற்பனையாளர் றொஹான் பொறுமையாக விசாரித்தார்.

"வீட்டில எத்தன பேர் மிஸ்?"

"ரெண்டு பேர்."

"அப்ப சின்னது காணும். வைக்கிற இடத்த அளந்தீங்களா? குழாயில தண்ணி வேகமா வருமா?"

"அதெல்லாம் பிறகு. வட்டக் கண்ணாடிக் கதவு, பெட்டியில நீலக்கோடு. அதுதான் வேணும். அதைவிடப் பெரிசு இருந்தால் அதையும் காட்டுங்கோ."

பிரசாந் அவள் காதருகே குனிந்தான். "எங்கட பிறிட்ஜ் எல்லோ பழுது? அதுக்கெண்டு சேர்த்த சல்லியப்பா இது. ஒவ்வொரு நாளும் பால் திரையுது."

"திரைஞ்சால் திரையட்டும்!"

மெஷின் வந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து இறக்கினார்கள். பின்பக்க பல்கனியில் வைத்துப் பார்த்தால், அதன் கதவு சுவரில் இடித்துப் பாதிதான் திறந்தது. ஆகவே அது வீட்டு முன் ஹோல் நடுவில், வந்த பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. நிருஷா கவலைப்படவில்லை. வாசற்கதவை அகலத் திறந்து வைத்தாள். படியால் போகிற வருகிறவர்கள் பார்க்கத்தானே வேண்டும்.

பின்னேரம் பைறோஸா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மெஷினைக் கண்டதும் அவள் முகம் வாடிப்போனது. நிருஷாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மெஷின் வாங்கிட்டீங்களா தங்கச்சி?"

"ஓம் அக்கா. உங்கட புதுசு மாதிரித்தான். கொஞ்சம் பெரிசு."

"எங்கட புதுசா?" பைறோஸா விளங்காமல் பார்த்தாள். பிறகு, "மாஷா அல்லாஹ், வடிவா ஈக்குது" என்றாள். குரல் இறங்கியது. "அண்டைக்கு இதத்தான் சொல்ல வந்தேன், நீங்க நிக்கல்ல. எங்கட கடைய மூடியாச்சு தங்கச்சி. வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சு. நாளைக்குக் கிருலப்பனையில ஒரு சின்ன அனெக்ஸ் வீட்டுக்குப் போறோம். அங்க எங்கட மெஷின வைக்க எடமில்ல. ரெண்டு மூணு பேர் வெலைக்குக் கேட்டாங்க, நான் குடுக்கல்ல. உங்களுக்கெண்டுதான் தொடச்சு வெச்சிருந்தேன்."

மேல்மாடிக்கு ஏறிய பெட்டிகள் எல்லாம் நிருஷாவின் கண்முன்னே வரிசையாக ஏறின.

பைறோஸாவின் பார்வை மெஷினை விட்டு அதன் பக்கத்துக்குப் போனது.

"இந்த வெறும் பொட்டிய வீசத்தானே போறீங்க? எனக்குத் தாங்களே. எலக்ட்ரிக் சாமான் விக்கிற ஹபீஸ் நானாட கடையில கேட்டு இவர் தூக்கிட்டு வந்த பொட்டியெல்லாம் நெறஞ்சிட்டு, புள்ளைகள்ட உடுப்புக் கட்ட இன்னும் ஒண்டு வேணும்."