கறிக்கடைக்காரர் சமைத்த சைவம்

“இது சோயாவுல செஞ்ச கறிம்மா. பாலு, முட்டை, மீனு எதுவும் சேர்க்கலை. பயப்படாம சாப்பிடு.”

இத்தனை வருஷம் கறி வெட்டிக் காய்த்துப்போன அப்பாவின் கை, கொரியன் மிளகாய் விழுதைப் பதமாகக் கிளறிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த மகள் தலை நிமிரவில்லை.

“இதெல்லாம் எங்கேப்பா கத்துக்கிட்டீங்க?”

“ஃபோன்ல பார்த்துதான். ரெண்டு தடவை அடிப்பிடிச்சு, உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.” தட்டில் சிவக்கச் சிவக்க அள்ளி வைத்தார்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“இரு, நான் முதல்ல சொல்லிடறேன். ‘உயிரை வெட்டுற கையால எனக்குச் சோறு வேண்டாம்’னு நீ கோவிச்சுக்கிட்டுப் போனதுலேர்ந்து எனக்குக் கத்தியே ஓடலை. இன்னைக்குக் கடையை வித்துட்டேன்மா.”

அவளுக்குப் புரையேறியது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

“காரம் தூக்கலாயிடுச்சா?” அப்பா பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். “ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்லப்பா. இன்னும் கொஞ்சம் வைங்க.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல வாங்கித் தின்ற வறுத்த கோழி, அவள் வயிற்றில் இன்னும் செரிக்காமல் கிடந்தது.