இரண்டு பாட்டில்கள்

“ஏட்டி உமா, சன்னல் பக்கம் திரும்பு. மிஷினுக்கு எல்லாம் தெரியுது, உன் மச்சம் மட்டும் தெரியல.” என் கணவர் விஜயசங்கர் கடைசியாகச் செய்த வேலை அதுதான். எங்கள் புதிய நன்னாரி சர்பத் கம்பெனியின் லேபிளுக்காக என் முகத்தை நோட்டில் பென்சிலால் வரைந்து வரைந்து பார்த்தார். அதை வைத்து ஏஐயிடம் படம் வாங்கினார். தாடை மச்சத்தை மட்டும் தன் கையாலேயே வைத்தார். லேபிளை அச்சுக்கு அனுப்பிய மறுநாள் ஆலங்குளம் ரோட்டில் லாரி மோதி அவரும் போனார், லேப்டாப்பும் போனது.

தென்காசி வக்கீலின் மேசையில் இப்போது இரண்டு பாட்டில்கள் நிற்கின்றன. ஒன்று எங்களுடையது, மற்றது ஒரு பெரிய கம்பெனியுடையது. இரண்டிலும் ஒரே முகம். வெளியே சாரல் விழுகிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் சர்பத் கறுப்பாகத் தெரிகிறது. வக்கீல் குமரகுரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறார். “மிஷின் போட்ட படத்தை நம்மளதுன்னு சொல்லுதது கஷ்டம்மா. மனுஷன் கைப்பட்டதுக்கு ஆதாரம் கேப்பாங்க. தம்பி வரைஞ்ச நோட்டு இருக்கும்லா?”

“பதினாறாம் நாள் அவுக சட்டையோட சேத்து சிற்றாத்துல விட்டுட்டேன் அண்ணாச்சி. எந்நேரமும் கையில வச்சிருப்பாக. அங்கனயும் தேடுவாகன்னு…”

துடைக்கும் துணி நிற்கிறது. அவர் கண்ணாடியை மாட்டாமல் பாட்டில்களையே பார்க்கிறார். மின்விசிறிக் காற்றில் என் மனுவின் ஓரம் எழுந்து எழுந்து படிகிறது. அந்தக் கம்பெனியின் பாட்டிலை என் பக்கம் திருப்புகிறேன். பெயர் வேறு, சேலையின் நிறம் வேறு. மச்சம் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.