ஸ்விஃப்டன் ரசிகை

காலை பத்தேகாலுக்கு எங்கள் வானொலி நிலையத்தின் தொலைபேசி அடித்தால், அது வனெல் டாக்கெட்தான்.

"ஸ்விஃப்டன்ல இருந்து மிசஸ் ஒடெல் பேசறேன் கண்ணு. அந்த வெர்லன் டாக்கெட்டோட புது ஆல்பம், அதுல நாலாவது பாட்டைப் போடேன். அதைக் கேட்டாத்தான் எனக்குக் காப்பியே இறங்குது."

மறுநாள் க்ரப்ஸ் ஊரிலிருந்து மிசஸ் ப்ரூயிட். அதற்கடுத்த நாள் டக்கர்மனிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா.

குரல் மட்டும் கீச்சும் கட்டையுமாக மாறும். பின்னால் ஓடும் ஹேர் டிரையரின் இரைச்சல் மாறாது. ஊரில் பியூட்டி பார்லர் நடத்தியது வனெல். வெர்லனின் மனைவி.

1950களில் வெர்லன் ராக்கபில்லி என்னும் துள்ளல் பாட்டில் பெரிய ஆசாமி. கிட்டாரோடு பியானோ மேல் ஏறி ஆடுவார். பாடும்போது பாதிச் சொல்லில் குரல் விக்கும். அந்த விக்கலுக்கே பெண்கள் கிறங்கிப்போனார்களாம்.

எழுபத்தொரு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மெதுவான பத்துப் பாட்டுகள் பாடி ஓர் ஆல்பம் போட்டார். "கெழவன் நம்மளத் தூங்க வைக்கிறான்யா" என்றார்கள் பழைய ரசிகர்கள். விற்காமல் பெட்டி பெட்டியாக அது அவர் வீட்டு கராஜில் கிடந்தது.

இனிமேல் கிட்டாரைத் தொடமாட்டேன் என்று அவர் சொன்ன வாரத்தில்தான் இந்த அழைப்புகள் தொடங்கின.

வெர்லன் கராஜில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டே, நேயர் பெயர் சொல்லிப் பாட்டுப் போடும் என் நிகழ்ச்சியைக் கேட்பார். பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தால் கண்ணடிப்பார்.

"என்னப்பா ராய்ஸ், ஸ்விஃப்டன் அம்மா இன்னிக்கும் விடல போல?"

"அவங்க எங்க விடறாங்க!" என்பேன். அந்தப் புளுகில் எனக்கும் பங்கு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அவர் மறுபடியும் கிட்டாரை எடுத்துவிட்டார்.

நாலாவது பாட்டு, நாளெல்லாம் நின்றே வேலை பார்த்து வீடு திரும்பும் ஒருத்தியின் வீங்கிய கால்களைப் பற்றியது. தினமும் போட்டுப் போட்டு எனக்கே அது உயிராகிவிட்டது. இல்லாத ரசிகைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய நான், இருக்கிற ஒரு ரசிகனைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவேயில்லை.

போன புதன்கிழமை வனெல் பார்லரிலேயே சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியையும் காலையில் வானொலியில்தான் வாசிப்போம். வெர்லனே எழுதிக்கொண்டு வந்தார். வனெல் பிறந்த தேதி, சர்ச், அடக்க நேரம். அதற்கு அடியில் ஒரு வரி: ஸ்விஃப்டன் மிசஸ் ஒடெல், க்ரப்ஸ் மிசஸ் ப்ரூயிட், டக்கர்மன் டீச்சரம்மா மூவரும் அவசியம் வரவும், உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சர்ச்சில் இரண்டாவது பெஞ்சு கடைசிவரை காலியாகவே இருந்தது. வெர்லன் இரண்டு முறை அதைத் திரும்பிப் பார்த்தார். எனக்கோ உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பொய்யை நானே தொடர்வதென்று முடிவுசெய்தேன். அடக்கம் முடிந்த பிறகும் அழைப்பு வராவிட்டால் மனிதருக்கு எல்லாம் விளங்கிவிடும். அப்புறம் கிட்டாரும் போய்விடும். ஆல்பத்தை எடுத்து வைத்தேன். புதிதாக ஒரு ரசிகையின் பெயரையும் யோசித்து வைத்தேன்.

பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"ஸ்விஃப்டன்ல இருந்து மிசஸ் ஒடெல் பேசறேன் கண்ணு." கீச்சென்று இழுத்துப் பிடித்த குரல். "அடக்கத்துக்கு வர முடியல, மன்னிச்சிரு. அந்த நாலாவது பாட்..."

பாதிச் சொல்லில் குரல் விக்கியது. அந்த விக்கலை ஊரே அறியும்.

பின்னால், யாருமில்லாத பார்லரில், டிரையர் ஓடிக்கொண்டிருந்தது.