செண்பகாவின் கேலக்ஸி

ஜாதகம் போய், பிறக்கும் பிள்ளைக்கு ஆளுக்கொரு கேலக்ஸி குறித்துப் பொருத்தம் பார்க்கும் காலம் அது. செண்பகாவுக்கு வாய்த்ததோ வில்லை வடிவக் கேலக்ஸி. சுருள் கைகள் கிடையாது, வாயு தீர்ந்துபோயிற்று, புது நட்சத்திரம் பிறக்காது. "வம்சம் விளங்காது" என்று வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின.

அன்று காலை தொலைநோக்கி நிலையத்திலிருந்து படம் வந்தது. கேலக்ஸியின் விளிம்பில் நீல வளையம்; அத்தனையும் இளம் நட்சத்திரங்கள்! செண்பகா கூடமே அதிரக் குதித்தாள்.

அதற்குள் போன் அடித்தது. கடைசியாக வேண்டாமென்று போன மாப்பிள்ளையின் அம்மா.

"இப்பதாம்மா பொருத்தம் கூடிவந்திருக்கு. நாளைக்கே பூ வைக்க வரட்டுமா?"

"அந்த வெளிச்சம் கிளம்பி ஆறு கோடி வருஷமாச்சு ஆன்ட்டி. நீங்க என்னை வேண்டாம்னு சொன்னப்பவும் அந்த நட்சத்திரமெல்லாம் அங்கதான் இருந்துச்சு. பூவை வேற வீட்டுக்குக் கொண்டுபோங்க!"