நூறு பேர் தாங்கும்

வளைகாப்புக்கு நாள் குறித்ததும், என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் நிரஞ்சனா சுவரில் கைவைத்துக் கேட்டாள். "எத்தனை பேர் தாங்கும்?"

"லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் கட்டியது. நூறு பேர் தாங்கும்," என்றது சுவர்.

"அப்ப மண்டபமே வேணாண்ணே," என்று என் பக்கம் திரும்பினாள். "எல்லாரையும் இங்கயே கூப்பிட்டுடறேன்!"

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல சுவருக்குள் பதிக்கும் வில்லைதான் அப்படிப் பேசும். என் மாடியைக் கட்டிய மேஸ்திரிக்கு லைசென்ஸே கிடையாது. "கவலப்படாதீங்க சார், இடிச்ச பள்ளிக்கூடத்துல பிடுங்கின வில்லை ஒண்ணு இருக்கு. வச்சுப் பூசிடறேன்," என்றார். வேலை சீக்கிரம் முடிந்தால் போதுமென்று நானும் தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று மூன்று முறை படியேறினேன். மூன்று முறையும், "தண்ணி ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

வளைகாப்பன்று மாடி முழுக்கக் கூட்டம். கை நிறைய வளையலோடு நிரஞ்சனா படியிலிருந்து கீழே என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணியும் பிள்ளைங்களும் எங்கண்ணே? காணவே காணோம்?"

"ஊருக்குப் போயிருக்காங்கம்மா," என்றேன்.

அன்று காலைதான் அவர்களை அவசர அவசரமாகப் பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.